டாவின்சி ரிசால்வ் 20: அப்டேட் செய்யும் முன்பும் செய்த பின்பும்

வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் 20-இன் பீட்டா 2025 ஏப்ரலில் வந்தது, முழுப் பதிப்பு மே மாதத்தில். புதிய வசதிகள் நூறுக்கு மேல் என்கிறது இதைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் டிசைன். விளம்பரங்களில் முன்வரிசையில் நிற்பவை ஏஐ கருவிகள். ஆனால் தினசரி எடிட் வேலையில் கை அடிக்கடி போகிற இடங்கள் இரண்டு: புதிய கீஃப்ரேம் பேனல் (கீஃப்ரேம் என்பது ஜூம் போன்ற ஓர் அளவு எந்த ஃபிரேமில் எவ்வளவு என்று குறிக்கும் புள்ளி), வாய்ஸ்ஓவர் கருவி. இரண்டுக்கும் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவின் லைசென்ஸ் தேவையில்லை. ஏஐ என்று பெயரில் வருபவை பெரும்பாலும் ஸ்டுடியோவில்தான் வேலை செய்யும். இலவசப் பதிப்பு வைத்திருப்பவர்கள் கீழே மேஜிக் மாஸ்க் (உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் கருவி), தானியங்கி சப்டைட்டில் பகுதிகளைப் படித்துவிட்டு மெனுவில் தேடி அலைய வேண்டாம்.

முதலில் பேக்கப்

முந்தைய பதிப்பான 19.1.4-இல் இருக்கும் புராஜெக்ட் லைப்ரரியை (எல்லாப் புராஜெக்ட்களும் சேர்ந்திருக்கும் தொகுப்பு) 20 அப்படியே திறக்கும். சிக்கல் லைப்ரரியில் இல்லை, புராஜெக்டில் இருக்கிறது. ஒரு புராஜெக்டை 20-இல் ஒருமுறை திறந்துவிட்டால் அதை மறுபடி 19-இல் திறக்க முடியாது. 'சும்மா எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்' என்று பாதி முடிந்த வேலையைத் திறப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸிலும் மேக்கிலும் புதியதை நிறுவினால் பழையது அதே இடத்திலேயே அழிந்து புதியது உட்கார்ந்துகொள்ளும். எனவே 19-இன் இன்ஸ்டாலர் கோப்பை அழிக்காமல் ஓரமாக வைத்திருங்கள்.

19-இல் இருக்கும்போதே ஷிஃப்ட் + 1 அழுத்திப் புராஜெக்ட் மேனேஜரைத் திறக்கவும். இடப்பக்கப் பட்டியலில் உங்கள் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்து 'பேக் அப்' கொடுத்து, கோப்பை வேறொரு டிரைவில் சேமிக்கவும். இதோடு நிறுத்தாமல், நடந்துகொண்டிருக்கும் புராஜெக்ட்கள் ஒவ்வொன்றிலும் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட்' கொடுங்கள். கிடைப்பது டிஆர்பி கோப்பு. அதில் எடிட், கலர், கீஃப்ரேம் எல்லாம் இருக்கும், வீடியோ கோப்புகள் இருக்காது. வீடியோவும் சேர்ந்து வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட் ஆர்க்கைவ்'. அதற்கு மொத்தக் காட்சிகளின் அளவுக்கு இணையான காலியிடம் வேண்டும்.

என்விடியா கார்டு உள்ளவர்கள் டிரைவரையும் பார்க்க வேண்டும். 20 எதிர்பார்ப்பது 570.65 அல்லது அதற்குப் பிந்தைய டிரைவர். பழைய டிரைவரோடு நிறுவினால் மென்பொருள் திறந்தாலும் 'ஜிபியு' தொடர்பான பிழைச் செய்திதான் முதலில் வரவேற்கும். விண்டோஸில் 16 ஜிபி ரேம் அடிப்படைத் தேவை, எஃபெக்ட்ஸுக்கான ஃப்யூஷன் பக்கத்தில் வேலை செய்தால் 32 ஜிபி. கிராஃபிக்ஸ் நினைவகம் 4 ஜிபி இருந்தால் எடிட் ஓடும். மேஜிக் மாஸ்க் போன்றவற்றுக்கு அது போதவே போதாது.

நாளை கொடுக்க வேண்டிய வேலை கையில் இருக்கும்போது அப்டேட் செய்யாதீர்கள். அந்த வேலை 19-இலேயே முடியட்டும்.

கீஃப்ரேம் பேனல்

இதுவரை எடிட் பக்கத்தில் கீஃப்ரேம்களைப் பார்க்க டைம்லைனில் கிளிப்புக்கு அடியில் விரியும் குறுகிய பட்டைதான் இருந்தது. நாலைந்து அளவுகளை ஒரே நேரத்தில் நகர்த்தினால் எது எங்கே என்று தெரியாது. 20-இல் மேல் பட்டையில் 'கீஃப்ரேம்ஸ்' பொத்தான் தனியாக வந்திருக்கிறது. அதை அழுத்தினால் கீஃப்ரேம் வைத்த ஒவ்வொரு அளவும் தனி வரியாகத் தெரியும். அதே பேனலில் வளைகோட்டுப் பார்வைக்கும் மாறலாம். கட் பக்கத்திலும் இது உண்டு.

மெதுவான ஜூம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 விநாடி கிளிப், பேசுபவரின் முகம், 1.00-இலிருந்து 1.08 வரை.

1. கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, பிளேஹெட்டை (டைம்லைனில் இப்போது நிற்கும் இடத்தைக் காட்டும் கோடு) அதன் முதல் ஃபிரேமில் வைக்கவும். இன்ஸ்பெக்டரில் 'ஜூம்' வரியின் ஓரத்திலுள்ள வைரக்குறியை அழுத்தவும். அது சிவப்பானால் கீஃப்ரேம் விழுந்துவிட்டது.
2. பிளேஹெட்டைக் கடைசி ஃபிரேமுக்குக் கொண்டுபோய் ஜூம் அளவை 1.08 ஆக்கவும். இரண்டாவது கீஃப்ரேம் தானாக விழும்.
3. கீஃப்ரேம் பேனலில் இரண்டையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து 'ஈஸ் இன் அண்ட் ஈஸ் அவுட்' கொடுக்கவும். நகர்வு மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும்.
4. முகம் சட்டத்தின் நடுவில் இல்லையென்றால் ஜூம் ஆக ஆக முகம் ஓரத்துக்கு விலகும். 'ஆங்கர் பாயின்ட்' அளவை முகத்தின் மேல் நகர்த்திவிட்டால் அது இருந்த இடத்திலேயே நிற்கும். இதைக் கீஃப்ரேம் வைப்பதற்கு முன்பே செய்வது நல்லது.

கட் ஆகி உடனே அடுத்த ஷாட்டுக்குப் போகிற இடத்தில் மூன்றாவது படியைத் தவிர்த்துவிடுங்கள். ஈஸ் கொடுத்தால் கட்டுக்கு முந்தைய அரை விநாடியில் நகர்வு செத்துப்போய் நிற்கும், கட் இடறும். அங்கே நேர்கோடுதான் சரி.

அடிக்கடி நடக்கும் தவறு, ஏற்கெனவே உள்ள கீஃப்ரேமின் அளவை மாற்றப் போய் அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை விதைத்துவிடுவது. பிளேஹெட் ஒரு ஃபிரேம் தள்ளி நின்றாலே இது நடக்கும். விளைவு, ஓடும்போது ஒரு சின்ன உதறல். வைரக்குறியின் இருபுறமும் உள்ள அம்புகளால் கீஃப்ரேமுக்குத் தாவி, வைரம் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அளவைத் தொடுங்கள். உதறல் ஏற்கெனவே வந்துவிட்டதா? புதிய பேனலில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டைக் கீஃப்ரேம் கண்ணில் படும். பழைய பட்டையில் அது ஒரே புள்ளியாகத்தான் தெரிந்தது.

இன்னொன்று வளைகோட்டில் வரும். கைப்பிடியை அதிகம் இழுத்தால் கோடு இறுதி அளவைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். ஜூம் அவுட் செய்து 1.00-இல் முடிக்கும்போது அது 0.98 வரை இறங்கினால், சட்டத்தின் நான்கு ஓரத்திலும் கறுப்புக் கோடு ஒரு கணம் மின்னும். சின்னத் திரையில் எடிட் செய்யும்போது இது கண்ணுக்குத் தப்பிவிடும், பெரிய திரையில் அப்பட்டமாகத் தெரியும். வளைகோட்டுப் பார்வையில் கோடு 1.00-க்குக் கீழே போகிறதா என்று பார்த்துக் கைப்பிடியைக் குறையுங்கள்.

கிளிப்பின் தலைப்பகுதியை டிரிம் செய்தால் முதல் கீஃப்ரேம் வெட்டுக்கு வெளியே போய்விடும், நகர்வு பாதியிலிருந்து தொடங்கும். எனவே நீளத்தை முடிவு செய்த பிறகே கீஃப்ரேம். படம் மங்குமா என்ற கேள்விக்கு: 3840 × 2160 காட்சியை 1920 × 1080 டைம்லைனில் வைத்திருந்தால் ஜூம் 2.00 வரை கூர்மை குறையாது. 1080 காட்சியை 1080 டைம்லைனில் வைத்து 1.20-ஐத் தாண்டினால் முடியிழைகளில் முதலில் தெரிந்துவிடும்.

வாய்ஸ்ஓவர்

முன்பெல்லாம் குரல் பதிய ஒலிக்கான ஃபேர்லைட் பக்கத்துக்குப் போய் இன்புட் பேட்ச் செய்து (மைக்கை டிராக்கோடு இணைத்து), டிராக்கை ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), பிறகுதான் பேச முடியும். இப்போது கட், எடிட் பக்கங்களிலேயே மைக் படம் போட்ட பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். எந்த மைக், எந்த டிராக் என்று தேர்ந்தெடுத்து, பிளேஹெட்டை இடத்தில் வைத்து, பதிவுப் பொத்தானைத் தட்டினால் எண்ணிக்கை ஓடிப் பதிவு தொடங்கும். நிறுத்தியதும் கிளிப் டைம்லைனில் உட்கார்ந்துவிடும்.

வசதி எளிதானதால் முன்தயாரிப்பை மறந்துவிடுகிறோம். பதிவாகும் கோப்பு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸில் 'கேப்சர் அண்ட் பிளேபேக்' பகுதியில் 'சேவ் கிளிப்ஸ் டு' என்ற வரியில் உள்ள ஃபோல்டர்தான் அந்த இடம். அதைக் கவனிக்காமல் விட்டால் குரல் கோப்புகள் சிஸ்டம் டிரைவின் ஏதோ மூலையில் சேரும். பிறகு புராஜெக்டை வேறு கணினிக்கு எடுத்துப்போனால் எல்லாமே சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' காட்டும். காட்சிகள் இருக்கும் டிரைவிலேயே 'குரல்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டிவிடுங்கள்.

குரல் இடது காதில் மட்டும் கேட்டால் மைக்கில் கோளாறு இல்லை. ஒற்றைச் சேனல் மைக்கை ஸ்டீரியோ டிராக்கில் பதிந்திருக்கிறீர்கள். டிராக் தலைப்பில் வலது கிளிக் செய்து 'சேஞ்ச் டிராக் டைப் டு' வழியாக மோனோ ஆக்கிவிட்டுப் பதியுங்கள். மீட்டர் அசையவே இல்லையென்றால் இயங்குதளம் மைக்கைத் தடுத்திருக்கிறது. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன் என்று போய் ரிசால்வுக்கு அனுமதி கொடுங்கள். விண்டோஸிலும் பிரைவசி பகுதியில் இதே அனுமதி இருக்கிறது. அனுமதி கொடுத்த பின் ரிசால்வை மூடித் திறந்தால்தான் பலிக்கும்.

சத்தத்தின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் விழுகிற மாதிரி மைக் கெயினை வைத்துக்கொள்ளுங்கள். 0-ஐத் தொட்டுக் கிழிந்த குரலைப் பின்னால் எந்த ஏஐயாலும் முழுதாகத் தைக்க முடியாது. பதிவின்போது ஹெட்ஃபோன் கட்டாயம், இல்லையென்றால் வீடியோவின் ஒலியும் மைக்கில் ஏறிவிடும்.

மேஜிக் மாஸ்க் 2

ஸ்டுடியோவுக்கு வருவோம். மேஜிக் மாஸ்க்கின் பழைய வடிவத்தில் 'பெர்சன்', 'ஆப்ஜெக்ட்' என்று இரண்டு முறைகள் இருந்தன, உருவத்தின் மேல் கோடு வரைய வேண்டியிருந்தது. இப்போது ஒரே முறைதான். பிரிக்க வேண்டிய உருவத்தின் மேல் ஒரு கிளிக் போதும்.

மாஸ்க் போடும் முன் கிளிப்பைத் தேவையான நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். பத்து நிமிடக் கிளிப்பில் நான்கு விநாடிக்குத்தான் மாஸ்க் தேவை என்றால் அந்த நான்கு விநாடியைத் தனிக் கிளிப்பாகப் பிரித்துவிடுவது நல்லது. டிராக்கிங் நேரம் நேரடியாக நீளத்தைப் பொறுத்தது.

கலர் பக்கத்தில் ஆல்ட் + எஸ் அழுத்திப் புதிய நோட் (கலர் திருத்தத்தின் ஒரு படி) சேர்த்து, மேஜிக் மாஸ்க் பேலட்டைத் திறக்கவும். முதல் ஃபிரேமிலேயே கிளிக் செய்யும் பழக்கத்தை விடுங்கள். உருவம் முழுதாக, எதுவும் மறைக்காமல், அசைவு மங்கல் இல்லாமல் தெரிகிற ஃபிரேமைத் தேடி அங்கே கிளிக் செய்யுங்கள், அது கிளிப்பின் நடுவில் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு முன்னும் பின்னும் இரு திசையிலும் டிராக் செய்யலாம். ஷிஃப்ட் + ஹெச் அழுத்தினால் மாஸ்க்குக்கு வெளியே உள்ளவை சாம்பலாகித் தேர்வு எங்கே நிற்கிறது என்று தெரியும். தலைமுடி, விரல் இடுக்கு, கையும் இடுப்பும் சேர்ந்து உருவாகும் முக்கோண இடைவெளி ஆகிய மூன்றையும் உற்றுப் பாருங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

டிராக் நடுவில் உடைந்தால் முழுவதையும் அழித்துத் தொடங்க வேண்டியதில்லை. ஃபிரேம் ஃபிரேமாக நகர்ந்து முதலில் உடைந்த ஃபிரேமைக் கண்டுபிடியுங்கள். புதிதாக வந்துள்ள பெயின்ட் கருவியால் விட்டுப்போனதைச் சேர்த்து, அதிகமானதை நீக்கி, அங்கிருந்து மறுபடி டிராக் செய்யுங்கள். ஒருவர் இன்னொருவரைக் கடந்து போகும் ஷாட்களில் இது பெரும்பாலும் தேவைப்படும். கடக்கும் அந்த ஆறேழு ஃபிரேமில் மாஸ்க் மற்றவர் மேல் தாவிவிடும்.

மாஸ்க் போட்ட நோட் ஓடும்போது பிளேபேக் தத்தளித்தால் நோட்டில் வலது கிளிக் செய்து 'நோட் கேஷ்' ஆன் செய்யவும். கூடவே பிளேபேக் மெனுவில் 'ரெண்டர் கேஷ்' யூசர் அல்லது ஸ்மார்ட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட் கேஷ் ஆன் செய்தும் பயனில்லை. 'ஜிபியு மெமரி ஃபுல்' என்று வந்தால் டைம்லைன் அளவை 4கே-யிலிருந்து 1080-க்கு இறக்கி வேலை செய்துவிட்டு, ரெண்டருக்கு முன் பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய பிறகு மாஸ்க்கின் ஓரத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.

ஓரம் பிசிறாகத் தெரிந்தால் மேட் ஃபினெஸ்ஸில் (மாஸ்க்கின் ஓரத்தைச் சீராக்கும் பகுதி) பிளர் அளவைக் கொஞ்சம் கூட்டலாம். அதிகமாகக் கூட்டினால் உருவத்தைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும், குறிப்பாகப் பின்னணியை இருட்டாக்கும்போது. பின்னணியையே அகற்றுவதானால் நோட் பகுதியின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து 'ஆட் ஆல்ஃபா அவுட்புட்' சேர்த்து, நோட்டின் நீலச் சதுரத்தை அதோடு இணைக்கவும்.

பேச்சிலிருந்து எழுத்து

20-இன் பல ஏஐ கருவிகளுக்கு அடிப்படை, பேச்சை எழுத்தாக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன். இன்டெல்லிஸ்கிரிப்ட் உங்கள் எழுத்து ஸ்கிரிப்டை வாங்கி, கிளிப்களில் பேசியதோடு ஒப்பிட்டு, பொருந்தும் டேக்குகளை (ஒரே வரியை எடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு டேக்) வரிசையாக அடுக்கி டைம்லைன் உருவாக்கித் தரும். ஒரே வரிக்குப் பல டேக் இருந்தால் மற்றவற்றை வேறு டிராக்கில் வைக்கும். அனிமேஷன் சப்டைட்டில்களும் ஒவ்வொரு சொல்லின் நேரத்தையும் இதிலிருந்துதான் எடுக்கின்றன.

ஆனால் இதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழில் பேசிய காட்சியை ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்து ஓட்டினால் அர்த்தமில்லாத சொற்குவியல் வரும், அதை வைத்து இன்டெல்லிஸ்கிரிப்ட் எதையும் பொருத்தாது. பட்டியலில் உள்ள மொழியில் பேசிய வீடியோ என்றால் வழி எளிது. டைம்லைன் மெனுவில் 'ஏஐ டூல்ஸ்', அதில் 'கிரியேட் சப்டைட்டில்ஸ் ஃப்ரம் ஆடியோ'. மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒரு வரிக்கு 42 எழுத்து என்பது கிடைமட்ட வீடியோவுக்குச் சரி. செங்குத்து வீடியோவுக்கு 18 முதல் 22 வரை குறைத்து ஒற்றை வரி என்று வையுங்கள், இல்லையென்றால் எழுத்து பொடியாகிவிடும். சப்டைட்டில் வந்த பிறகு, எஃபெக்ட்ஸில் டைட்டில்ஸின் கீழ் உள்ள சப்டைட்டில் அனிமேஷன்களில் ஒன்றைச் சப்டைட்டில் டிராக்கின் தலைப்பில் இழுத்துவிடவும். தனி வரி மேல் விடாதீர்கள், முழு டிராக்குக்கும் பொருந்த வேண்டியது அது.

தமிழ் சப்டைட்டிலுக்கு எஸ்ஆர்டி கோப்பை (வரிகளும் அவற்றின் நேரமும் உள்ள சப்டைட்டில் கோப்பு) வெளியே தயாரித்துத்தான் கொண்டுவர வேண்டும். கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். வேறு வடிவத்தில் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ வரும். ஃபைல், இம்போர்ட், சப்டைட்டில் என்று போனால் மீடியா பூலுக்கு வரும், அங்கிருந்து டைம்லைனுக்கு இழுக்கவும். வந்ததும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் ஒலியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நகர்த்தினால் போதும். முதல் வரி சரியாக இருந்து கடைசி வரி மட்டும் விலகியிருந்தால், சப்டைட்டில் வேறொரு எடிட்டுக்குத் தயாரானது. எங்கே விலகத் தொடங்குகிறது என்று நடுவில் தேடுங்கள், அந்த இடத்தில்தான் ஏதோ ஒரு ஷாட் வெட்டப்பட்டிருக்கும்.

ஒரே கருவியில் பல எழுத்து அடுக்குகளை வைக்க 'மல்ட்டிடெக்ஸ்ட்' வந்திருக்கிறது. அதில் தமிழ்த் தலைப்பு போடும் முன் கொ, கோ, கௌ, ஸ்ரீ ஆகியவற்றை நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருவில் தட்டிப் பாருங்கள். துணைக்கால் பிரிந்து நின்றால் வேறு யூனிகோட் எழுத்துருவுக்கு மாறுங்கள். எழுத்து எழுத்தாக வந்து விழும் அனிமேஷன்களையும் இதே சொற்களால் சோதியுங்கள்.

மௌனத்தை வெட்டுவது

இன்டெல்லிகட் கருவி ஒலி தாழ்ந்த பகுதிகளை மௌனம் என்று எடுத்து நீக்கும். இரண்டு பேர் பேசுவதை ஆளுக்கு ஒரு டிராக்காகவும் பிரிக்கும். அளவு வைப்பதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். யாரும் பேசாத இடத்தில் மைனஸ் 55, மெதுவாகப் பேசும் இடத்தில் மைனஸ் 35 என்று காட்டினால் எல்லைக்கோடு மைனஸ் 45 அளவில் இருக்கட்டும். அதை மைனஸ் 35-க்கு ஏற்றினால் சொற்களின் கடைசி ஒலி விழுங்கப்படும். தமிழில் 'வந்தது', 'இருக்கு' போன்ற சொற்களின் குற்றியலுகரம் முதலில் போகும். அறையில் மின்விசிறி ஓடினால் மௌனமே மைனஸ் 40-க்கு மேல் நிற்கும், கருவி எதையும் வெட்டாது. எப்படியானாலும் டைம்லைனை நகலெடுத்து நகலில் ஓட்டுங்கள். சிரிப்புக்கு முந்தைய இடைவெளி, யோசித்துப் பேசும் இடைவெளி எல்லாமே கருவிக்கு வெறும் மௌனம்தான், திருப்பி வைக்க மூலம் வேண்டும்.

மற்றவை

கலர் வார்ப்பரில் 'குரோமா வார்ப்' சேர்ந்திருக்கிறது. வியூவரில் ஒரு நிறத்தைப் பிடித்து இழுத்தால் நிறமும் செறிவும் ஒன்றாக மாறும். தோல் நிறத்துக்கு அருகில் உள்ள சிவப்பு, ஆரஞ்சு துணிகளை மாற்றும்போது முகமும் சேர்ந்து இழுபடும். அங்கே மேஜிக் மாஸ்க்கோ, நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் குவாலிஃபையரோ முன்னால் வேண்டும்.

மல்ட்டிகேம் ஸ்மார்ட்ஸ்விட்ச் யார் பேசுகிறார் என்று பார்த்துக் கேமரா மாற்றும். உரையாடலின் முதல் கட் என்ற அளவில் நல்லது. ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை அது காட்டாது, அந்த ஷாட்களை நீங்கள்தான் செருக வேண்டும்.

ஆடியோ அசிஸ்டன்ட் மொத்த டைம்லைனின் ஒலியைத் தானே சமன்படுத்தும். ஓட்டும் முன் எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்று தேர்ந்தெடுங்கள்: யூடியூப் ஒலியைச் சமன் செய்யும் அளவு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), ஐரோப்பிய ஒளிபரப்புத் தரமான ஆர்128 கேட்பது மைனஸ் 23. ஒளிபரப்பு அளவில் செய்ததை யூடியூபில் ஏற்றினால் ஒலி அடங்கியே கேட்கும். அதிகச் சத்தத்தைக் குறைக்கும் யூடியூப், குறைந்ததைத் தூக்கிவிடுவதில்லை.